ஜி. சுப்பிரமணிய ஐயர் (1855–1916)

பத்திரிகையாளர், அரசியல் விமர்சகர், சமூகச் சீர்திருத்தவாதி. 'தி ஹிந்து' ஆங்கில இதழைத் தொடங்கிய அறுவரில் ஒருவர். அதன் முதல் ஆசிரியர். தமிழின் முதல் நாளேடாக வளர்ந்த 'சுதேசமித்திரன்' இதழின் நிறுவனர். ஆங்கிலத்தில் எழுதி இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர், அந்தப் பெயர் உச்சத்தில் இருந்தபோதே தம் உழைப்பின் பெரும்பகுதியைத் தமிழுக்குத் திருப்பினார். அவர் வாழ்க்கையில் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய முடிவு அதுதான்.

1855 ஜனவரி 19 அன்று திருவையாற்றில் பிறந்தார். தந்தை கணபதி தீட்சிதர் அவ்வூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். சுப்பிரமணியத்துக்குப் பதின்மூன்று வயதானபோது, 1868-இல் தந்தை இறந்துபோனார். தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரியில் படித்து, சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளிக்கூட வாத்தியாரானார். திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கம் அவருக்கு நண்பர்களைத் தந்தது. பச்சையப்பன் கல்லூரி விரிவுரையாளர் எம். வீரராகவாச்சாரியாரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்களும் அங்கேதான் அவரோடு சேர்ந்தார்கள்.

1878-இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகளால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நியமனத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதின. பதில் சொல்ல இந்தியர் கையில் ஒரு தாள் இல்லை என்ற ஆதங்கம் அந்த ஆறு இளைஞர்களையும் உலுக்கியது. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் எண்பது பிரதிகள் அச்சாயின. 1878 செப்டம்பர் 20 அன்று 'தி ஹிந்து' வார இதழாக வெளிவந்தது. ஆசிரியருக்கு வயது இருபத்து மூன்று.

சட்ட மாணவர்கள் நால்வரும் படிப்பு முடிந்ததும் வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். எழுத்துப் பொறுப்பு சுப்பிரமணிய ஐயருக்கும், நிர்வாகம் வீரராகவாச்சாரியாருக்கும் வந்து சேர்ந்தன. 1883-இல் இதழ் வாரத்துக்கு மூன்று நாள் வரத் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் சொந்த அச்சகத்துக்குக் குடிபெயர்ந்தது. 1889 ஏப்ரலில் மாலை நாளேடாயிற்று. 1882-இல் நடந்த சேலம் கலவர வழக்கில் சி. விஜயராகவாச்சாரியாருக்குக் கிடைத்த கடும் தண்டனையை எதிர்த்து அது எழுதியதும், பின்னர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் பத்திரிகையின் குரலுக்கு மதிப்பைக் கூட்டின.

எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. 1884-இல் சென்னை மகாஜன சபையை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் எழுபத்திரண்டு பிரதிநிதிகள் கூடிக் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கினார்கள். அந்த மகாசபையின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகத்தைப் பற்றி விசாரிக்க ஓர் அரச விசாரணைக் குழு வேண்டும், அதில் இந்தியருக்கும் போதிய இடம் வேண்டும் என்பது அதன் சாரம். 1897-இல் இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி குழுவின் முன் சாட்சியம் சொல்ல லண்டன் சென்றார். கோகலே, தின்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரும் அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்கள்.

ஆனால் காங்கிரஸ் பேச்சுகளும் 'ஹிந்து'வின் தலையங்கங்களும் ஆங்கிலம் படித்த சிறு கூட்டத்தைத் தாண்டவில்லை. வரி கட்டும் மிராசுதாரும், கடனில் மூழ்கிய குடியானவரும், கடைவீதி வியாபாரியும் அவற்றைப் படிக்க வழியில்லை. வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878-இல் கொண்டுவந்த பத்திரிகைச் சட்டம் இந்திய மொழி இதழ்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆங்கில இதழ்களைத் தொடவில்லை. எந்த மொழியில் எழுதினால் ஜனங்களின் காதில் விழும் என்பது அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ரிப்பன் பிரபு காலத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. காங்கிரஸ் பிறப்பதற்கு முன்பே, 1882-இல், சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' வார இதழைத் தொடங்கியிருந்தார்.

சீர்திருத்தத்தை ஊருக்கு உபதேசித்துவிட்டு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்பவராகவும் அவர் இருக்கவில்லை. அவருடைய மூத்த மகள் சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்தாள். 1889-இல் பம்பாய்க் காங்கிரஸ் நடந்த சமயத்தில் அங்கேயே அவளுக்கு மறுமணம் செய்துவைத்தார். சென்னையின் வைதிக உலகம் கொதித்தது. உறவினர் ஒதுங்கினர், சாதிக் கட்டுப்பாடு அவரைத் தள்ளிவைத்தது. அக்காலத்துச் சீர்திருத்தப் பேச்சாளர்களில் இந்த அளவுக்குத் துணிந்தவர்கள் மிகக் குறைவு.

குழந்தைமணத்தையும் தீண்டாமையையும் எதிர்த்து அவர் எழுதியவை சந்தாதாரர்களை முகம் சுளிக்க வைத்தன. அவதூறு வழக்குகளும் கடனும் சேர்ந்து நெருக்கின. வீரராகவாச்சாரியாருடன் பிரிவு ஏற்பட்டு, 1898-இல் தாம் இருபது ஆண்டு வளர்த்த 'ஹிந்து'வை விட்டு வெளியேறினார். (பின்னர் 1905-இல் அது கஸ்தூரிரங்க ஐயங்கார் கைக்குச் சென்றது.) மறு ஆண்டே, 1899-இல், 'சுதேசமித்திரன்' நாளேடாயிற்று.

தமிழில் நாளேடு நடத்துவது அன்று எத்தனை பெரிய சுமை என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். தந்திச் செய்திகள், சட்டசபை விவாதங்கள், லண்டன் பாராளுமன்றப் பேச்சுகள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்து சேரும். அவற்றை அன்றைக்கே தமிழாக்கி, ஆங்கிலம் அறியாதவருக்கும் புரியும்படி விளக்கம் சேர்த்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கைதேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த இருபத்தோரு வயதுக் கவிஞர் ஒருவரை 1904 நவம்பரில் உதவி ஆசிரியராக அழைத்துவந்தார். சுப்பிரமணிய பாரதி பத்திரிகைத் தொழிலைக் கற்றது அங்கேதான். ஆசிரியரின் நிதானம் பாரதியின் வேகத்துக்குப் போதவில்லை. 1906-இல் அவர் 'இந்தியா' வார இதழுக்குப் போனார். 1920-இல் மீண்டும் 'சுதேசமித்திர'னுக்கே வந்து, இறக்கும்வரை அங்கே எழுதினார்.

பொருளாதாரம்தான் சுப்பிரமணிய ஐயர் ஆழமாகத் தோண்டிய துறை. 1903-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார அம்சங்களைப் பற்றிய நூல், தாதாபாய் நவ்ரோஜி, ரொமேஷ் சந்திர தத் ஆகியோரின் எழுத்துகளோடு வைத்துப் பேசத்தக்கது. நிலவரி, பஞ்சம், நாட்டுச் செல்வம் வெளியே போவது ஆகியவற்றை அவர் கணக்கும் காரணமுமாக எழுதினார். தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்து உரிமைக்குப் போராட வேண்டும் என்றும் அக்காலத்திலேயே சொன்னார். காங்கிரஸ் தலைவர்கள் பலர் அந்தப் பக்கமே திரும்பாத நேரம் அது. ஆங்கிலேயரின் நியாய உணர்வை நம்பி மனுப் போட்டவர், வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசிக் கிளர்ச்சியின் பக்கம் உறுதியாகச் சாய்ந்தார்.

1908 அடக்குமுறை ஆண்டு. வ.உ. சிதம்பரனார் ஜூலையில் தண்டிக்கப்பட்டார். அதே மாதம் திலகரும் தண்டனை பெற்றார். உடல்நலத்துக்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்த சுப்பிரமணிய ஐயர், 'சுதேசமித்திரன்' எழுத்துகளுக்காக ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் ஆகஸ்டில் கைதானார். கொடிய தோல்நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. ஜாமீனும் உறுதிமொழியும் கொடுத்து வெளியே வந்தார். அவருடைய பேனாவின் பழைய காரம் அதன்பின் குறைந்தது. அந்த நோயாளிக்குச் சிறைவாசம் என்னவாக முடிந்திருக்கும் என்பதை எண்ணினால், இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

1915-இல் 'சுதேசமித்திர'னை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். பின்னாளில் 'ஹிந்து'வுக்கும் ஆசிரியரானவர் இவர். 1916 ஏப்ரல் 18 அன்று சுப்பிரமணிய ஐயர் காலமானார். 'ஹிந்து'வின் நிறுவனர் என்றே பலரும் இன்று அவரை அறிகிறார்கள். தமிழுக்கு அவர் உழைத்ததும் தெரியவர, அவருடைய தமிழ்த் தலையங்கங்கள் முழுவதும் திரட்டப்பட்டு, குறிப்புகளோடு நல்ல பதிப்பாக வாசகர் கைக்கு வர வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் அந்தப் பணியை ஏற்க வேண்டும்.