பெஞ்சும் பெயர்ப் பட்டியலும்

பழைய கல்லூரி என்றதும் நினைவுக்கு வருவது பாடமல்ல, படிக்கட்டும் மரத்தடியும்தான். அந்தக் கல்லூரியே வேறிடம் போய்விட்டால்? சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் சரித்திரத்தில் அப்படித்தான் நடந்தது. 1837-இல் சிறு பள்ளிக்கூடமாகப் பிறந்து, ஜார்ஜ் டவுன் சந்தடியில், வில்லியம் மில்லரின் பராமரிப்பில் பெரிய கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தத்துவம் பயின்றது அங்கேதான். நூறாண்டு நிறைந்த 1937-இல் அது தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன் படித்தவர்கள் தாம்பரத்தில் எந்தப் பெஞ்சைத் தேடுவார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைத்தான் தேட வேண்டும். அவன் இருக்குமிடமே வகுப்பு.

எங்கள் வகுப்பும் அடுத்த மாதம் கூடுகிறது. கட்டடம் அப்படியே நிற்கிறதாம், சந்தோஷம். பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது எத்தனை பேர் ‘உள்ளேன் ஐயா’ என்பார்கள்? அதுதான் என் கவலை.