கதவைத் தட்டிய கரங்கள்

அடுப்பூதும் பெண்ணுக்கு அரசியல் எதற்கு என்று கேட்கும் பழமை விரும்பிகள் வையகமெங்கும் உண்டு. அவர்களை 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரிட்டோரியா நகருக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

தென்னாப்பிரிக்க வெள்ளை ஆட்சி, கருப்பு ஆடவரைப் பிணித்திருந்த 'பாஸ்' எனும் அனுமதிச் சீட்டை மகளிர் மீதும் சுமத்த முனைந்தது. சீட்டின்றி நடந்தால் சிறை! சொந்த மண்ணில் நடமாட ஆதிக்கக்காரன் கையெழுத்து! கடைக்குச் சென்ற தாய் காவற்கூடம் புகுந்தால், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பாலூட்டுவது யார்? அந்தக் கேள்விதான் அடுக்களையை அரசியல் களமாக்கிற்று.

தில்லையாடி வள்ளியம்மை 1913இல் அம்மண்ணில் சிறை புகுந்து, 16 வயதில் உயிர் நீத்ததைத் தமிழர் அறிவோம். அதே 1913இல் ப்ளூம்பாண்டீன் நகரில் கருப்பு மகளிர் சீட்டை மறுத்துச் சிறை சென்றதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

விடுதலை பேசிய ஆடவரும் எளிதில் இடம் தந்தாரில்லை. ஆப்பிரிக்க தேசிய காங்கிரசில் பெண்கள் முழு உறுப்பினராக 1943 வரை காத்திருக்க நேர்ந்தது! அதனாலன்றோ 1954இல் கூடிய தென்னாப்பிரிக்க மகளிர் கூட்டமைப்பு, நிறவெறிச் சட்டங்களோடு, மணத்திலும் சொத்திலும் பெண்ணைத் தாழ்த்தும் சட்டங்களும் ஒழிக எனத் தன் சாசனத்தில் முழங்கிற்று!

பிரிட்டோரியாவில் ஊர்வலத்துக்குத் தடை. மங்கையர் இருவர் மூவராக நடந்தனர். அது ஊர்வலமா? ஆனால் அரசு மாளிகை வாயிலில் ஏறத்தாழ 20,000 பேர், சிலர் முதுகில் குழந்தைகளோடு! முன்னின்றோர் நால்வர்: தையல் தொழிலாளி லிலியன் இங்கோயி, இங்கிலாந்தில் பிறந்த ஹெலன் ஜோசப், இந்திய வழிவந்த ரஹிமா மூசா, நெசவாலைத் தொழிற்சங்கத்தில் உருவான சோபியா வில்லியம்ஸ். சோபியாவுக்கு வயது 18! பல வீடுகளில் மாப்பிள்ளை தேடத் தொடங்கும் வயது. அந்தப் பெண்ணோ பிரதமரின் கதவைத் தேடிச் சென்றாள்.

பிரதமர் ஸ்ட்ரைடம் மனுக்களைப் பெற வரவில்லை. கட்டுக்கட்டாக அவற்றை அவர் அலுவலகத்தில் வைத்துத் திரும்பினர். பிறகு அரைமணி நேரம் அத்தனை பேரும் வாய் திறவாது நின்றனர். பின்னர் பாடினர், கலைந்தனர்.

ஆட்சி அசைந்ததா? இல்லை. சீட்டு மகளிர் மீதும் திணிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே இங்கோயி துரோக வழக்கில் கைதானார். 1961இல் விடுதலை பெற்றும், தடையாணைகள் அவரை வீட்டுக்குள்ளேயே முடக்கின. தையல் இயந்திரமே துணையாக வாழ்ந்து 1980இல் மறைந்தார். சீட்டுச் சட்டம் 1986இல் நீக்கப்பட்டது.