ஊசியை நிறுத்தின துணிச்சல்

பெரியம்மையை ஒழிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்கு வர்ற வெக்கை நோயை ஒழிச்ச கதையைக் கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க. உலகத்துலேர்ந்தே மனுசன் அடியோட ஒழிச்ச வியாதி இந்த ரெண்டும்தான்.

வெக்கை லேசுப்பட்டது இல்லை. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், சில நாள்ல சாவு. 1880களின் கடைசியில் எத்தியோப்பியாவில் நுழைந்து, உழவு மாடெல்லாம் செத்து, பெரும் பஞ்சமே வந்தது. 1889ல் புனேயில் ஆரம்பித்து 1893ல் முக்தேஸ்வர் மலைக்குப் போன கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு முதல் எதிரியே இதுதான். பிற்பாடு வால்டர் ப்ளோரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி நோயை அடக்கியது. 1999ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கு அப்புறம்தான். ஊசி போட்ட மாட்டு ரத்தத்திலும், நோய் வந்து பிழைச்ச மாட்டு ரத்தத்திலும் இருப்பது ஒரே எதிர்ப்புப் பொருள். சோதனையில் பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால ஊசி போடுற வரைக்கும் நோய் போச்சா, ஒளிஞ்சிருக்கான்னு தெரியாது. ஒரே வழி, ஊசியை நிறுத்துறது! கணக்கு தப்பினா மறுபடி மாடுகள் கொத்துக்கொத்தாச் சாகும்.

நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் பிறந்த கன்றுகளின் ரத்தத்தை எலிசா முறையில் சோதிச்சாங்க. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியில வைரஸ் புரதம். முதல்ல கன்றோட சீரம், அதோட போட்டிக்கு ஆய்வகத்துல தயாரிச்ச எதிர்ப்புப் பொருள். பஸ் சீட்டுல துண்டு போடுற மாதிரிதான்! கன்றிடம் எதிர்ப்புப் பொருள் இருந்தா அது இடத்தைப் பிடிச்சுக்கும், நிறம் வராது. தட்டு முழுக்க நிறம் வந்தா நல்ல சேதி.

நடுவுல ஒரு குழப்பம். ஆடுகளுக்கு வர்ற ஆட்டுக்கொல்லி, வெக்கையோட பங்காளி வைரஸ். அறிகுறியும் கிட்டத்தட்ட அதேதான். எது எதுன்னு பிரிச்சுச் சொல்ல பிசிஆர் கைகொடுத்தது.

இந்தியாவின் கடைசி வெக்கை 1995ல், நம்ம வட ஆற்காடு பக்கம். 2006ல் நாட்டுக்குச் சான்று கிடைத்தது. உலகத்தில் கடைசியா கண்டது 2001ல் கென்யாவில். 2011ல் வெக்கை ஒழிந்ததுன்னு அறிவிச்சாங்க.

ஊசி கண்டுபிடிச்சவருக்குப் பரிசு கிடைச்சுது, சரிதான். ஊர் ஊரா அலைஞ்சு, திமிர்ற கன்னுக்குட்டி கழுத்துல ரத்தம் எடுத்தவங்க பேர் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த குறி ஆட்டுக்கொல்லி, 2030க்குள்ளயாம். மறுபடி அவங்கதான் அலையணும்.