கான்ஸ்தான்ஸ் கோபுரத்துக் கைதிகள்

பிரெஞ்சு நாட்டின் தென் கோடியில், மத்தியதரைக் கடலை அடுத்துள்ள சதுப்பு நிலத்தில் ஏக்மோர்த் என்னும் சிற்றூர் இருக்கிறது. அப்பெயருக்கு ‘செத்த நீர்’ என்பது பொருள். சுற்றிலும் உப்பளங்களும் தேங்கிய நீர்நிலைகளும் காணப்படும். அவ்வூர் மதிலின் ஒரு மூலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட வட்டக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. அதன் சுவர்கள் ஆறு மீட்டர் கனமுடையவை. கான்ஸ்தான்ஸ் கோபுரம் என்பது அதன் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அது பெண்களின் சிறையாக இருந்தது.

அப்பெண்கள் கொலையோ களவோ செய்தவர் அல்லர். காட்டிலோ மலைச்சரிவிலோ கூடி வழிபட்டவர்கள்; சங்கீதம் பாடியவர்கள். அது எங்ஙனம் குற்றமாயிற்று என்று நீங்கள் வினவலாம். 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் நாந்த் நகரில் ஓர் ஆணை பிறப்பித்து, ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை வழங்கினார். அவருடைய பேரர் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதை நீக்கிவிட்டார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் பதினைந்து நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், மக்களோ வெளியேறலாகாது! இதுவே அச்சட்டத்தின் விசித்திரம். வழிபாட்டுக் கூட்டத்தில் பிடிபட்ட ஆண்களை மார்சேல் துறைமுகத்துத் துடுப்புக் கப்பல்களுக்கு அனுப்பினர்; பெண்களைச் சிறையில் அடைத்தனர்; போதகர்களைத் தூக்கிலிட்டனர்.

அநீதிக்கு ஆளானவர் யாது செய்வார்? செவேன் மலை மக்கள் 1702இல் வாளை ஏந்தினர். காமிசார் கலகம் என்று வரலாறு அதனைக் குறிக்கும். இரண்டாண்டுகளில் அது பெரும்பாலும் அடங்கியது. எரிந்த ஊர்களே மிஞ்சின. கலகத் தலைவர்களுள் ஒருவரான ஆபிரகாம் மசேல் என்பார் 1705இல் இதே கோபுரத்தினின்று பதினாறு தோழர்களுடன் சாளரக் கம்பியை அகற்றி இறங்கித் தப்பினார். ஆயின், பத்தாண்டுகளுக்குப் பின் அந்துவான் கூர் என்ற இளைஞர் வேறொரு வழியைக் காட்டினார். 1715இல் சிலரைக் கூட்டிச் சிதறிய சபையை மீண்டும் ஒழுங்குபடுத்தினார். வாள் வேண்டா, வழிபாட்டைக் கைவிடவும் வேண்டா என்பது அவர் கொள்கை. இஸ்ரவேலர் அலைந்த வனாந்தரத்தை நினைந்து, அம்மக்கள் தம் சபையையும் ‘வனாந்தரச் சபை’ என்றனர்.

அச்சபையின் போதகருள் ஒருவர் பியேர் துரான். விவாரே மலைநாட்டில் பிறந்தவர். அரசினரால் அவரைப் பிடிக்க இயலவில்லை. எனவே குடும்பத்தைப் பிடித்தனர். முதிய தந்தை 1729இல் கடலிடையே உள்ள பிரெஸ்கூக் கோட்டையில் அடைக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் அங்கே கிடந்தார். மறு ஆண்டு தங்கை மரி துரான் ஏக்மோர்த்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. இன்னாருடைய உடன்பிறந்தாள் என்பதே அவர்மீது சாற்றிய குற்றம்! 1732இல் பியேர் பிடிபட்டு மொம்பெலியே நகரில் தூக்கிலிடப்பட்டார். பணயமாகப் பிடித்த தங்கையையோ, அதற்குப் பின்னரும் அரசு விடவில்லை.

கோபுரத்தினுள் ஒன்றன்மேல் ஒன்றாக இரு வட்ட மண்டபங்கள் உண்டு. இடைத்தளத்தின் நடுவே ஒரு துவாரம். அதன் வழியே சிறிது காற்றும் ஒளியும் இயங்கும். குளிர்காலத்தில் புகையும் ஈரமும். கோடையில் சதுப்புநிலக் காய்ச்சல். சில பெண்கள் கைக்குழந்தைகளுடன் அங்கே வாழ்ந்தனர். மரி எழுத அறிந்தவர். ஆகவே தோழியர்க்காகவும் கடிதம் எழுதினார். அவற்றுள் ஏறத்தாழ ஐம்பது இன்றும் உள்ளன. பெரும்பாலும் அவை அன்றாடத் தேவை பற்றியவை: உடை வேண்டும், உணவு வேண்டும், இத்தனை பேர் நோயுற்றிருக்கிறோம் என்பன. துன்பத்தைக் கடவுள் தரும் சிட்சை என்று ஏற்றுக்கொண்ட அதே கரம், விடுதலை வேண்டி விண்ணப்பமும் எழுதிற்று. இவை இரண்டும் முரண் என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை. எனக்கும் முரணாகத் தோன்றவில்லை. கடவுளை நம்புவது வேறு, மன்னன் செய்ததே சரி என ஒப்புவது வேறு.

விடுதலைக்கு ஓர் எளிய வழி எப்போதும் திறந்தே இருந்தது. ‘என் சமயத்தை விட்டேன்’ என்று கூறினாற் போதும். சிலர் கூறினர். நோயும் பசியும் அறியாத நாம் அவர்களை இகழ்தல் தகாது. உறுதியாக நின்றோர்க்கும் நம்பிக்கை கவசமாய் இருந்துவிடவில்லை. இசபோ மெனே என்பவர் 1735இல் சிறைப்பட்டார். கணவர் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மாண்டார். இசபோவோ சித்தம் கலங்கி, 1750இல் உற்றாரிடம் ஒப்படைக்கப்பட்டார்.

மேல் மண்டபத்துத் துவாரத்தின் கல் விளிம்பில் ஒரு சொல் கீறப்பட்டுள்ளது. ‘எதிர்த்து நில்’ என்பது பொருள். பிரெஞ்சு எழுத்தில் பிழை இருக்கிறது. அதைக் கீறியவர் மரி என்பது வழிவழிச் செய்தி. உறுதிப்படுத்தும் சான்று இல்லை. யார் கீறியிருப்பினும் அவர் கையில் ஓர் ஊசியோ ஆணியோ இருந்திருக்கலாம், வாள் இருந்திராது.

1762இல் தூலூஸ் நகரில் ழான் காலா என்ற புரொட்டஸ்டண்டு வணிகர் பொய்க்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார். வால்டேர் அவருக்காக எழுதிய பின் நாட்டின் மனம் மாறத் தொடங்கிற்று. லாங்கதாக் மாநில அதிகாரியான போவோ இளவரசர் கோபுரத்தைப் பார்வையிட்டு மனம் கலங்கி, அரசவையின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது பெண்களை விடுவித்தார். 1768இல் மரி வெளியே வந்தார். உள்ளே கழிந்தவை 38 ஆண்டுகள்.

பிறந்த ஊருக்கு மீண்டவரை வறுமையே வரவேற்றது. ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சபையினர் ஒரு சிறு உதவித்தொகை அனுப்பிவந்தனர். அதில் ஒரு பகுதியை, துடுப்புக் கப்பலினின்று மீண்ட முதியவர் ஒருவருக்கு மரி பகிர்ந்தளித்தார். 1776இல் அவர் காலமானார். புரொட்டஸ்டண்டுகளின் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பதிவு செய்ய இடமளித்த அரசாணை 1787இல் வந்தது. வெளிப்படையாகக் கூடி வழிபடும் உரிமையை அவ்வாணையும் தரவில்லை. அதற்குப் புரட்சி வரவேண்டியிருந்தது.