சாய்ந்து உட்காரும் உரிமை



சற்று நீண்ட பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்களில் பலர் புதுமனை புகுவிழாப் படங்களை இங்கே போடுகிறீர்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. அந்தப் படங்களில் ஒரு மாற்றத்தைச் சில வருடங்களாகக் கவனிக்கிறேன். முன்பெல்லாம் ஹாலில் கனத்த சோபா செட் இருக்கும். இப்போது ஜன்னலோரமாக ஒற்றை நாற்காலி ஒன்று தனியாக இருக்கிறது. மெல்லிய மரக்கால்கள், வளைந்த முதுகு, சாம்பல் நிறத் துணி போர்த்திய மெத்தை. கேட்டால் "ஸ்காண்டிநேவியன் ஸ்டைல் சார்" என்கிறீர்கள். "அது ஏன் சார் இவ்வளவு விலை?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். விலைக்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய கதையிலிருந்து வருகிறேன். பிரான்சு அரசர் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் யார் எதில் உட்காரலாம் என்பதற்குக் கண்டிப்பான விதி இருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி அரசருக்கும் அரசிக்கும். கோமாட்டிகளுக்கு முதுகில்லாத முக்காலி. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான். அந்த முக்காலியில் உட்காரும் உரிமைக்காகவே பெரிய இடத்துப் பெண்கள் போட்டி போட்டார்கள். ஆக, நாற்காலி என்பது உடம்புக்கு ஓய்வு தருவதற்கு முன்பே அந்தஸ்தைக் காட்டும் பொருளாக இருந்தது. முதுகைச் சாய்ப்பது பெரியவர்களின் உரிமை.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வசதியான வீடுகளுக்குள் சுருள் ஸ்பிரிங்கும் குதிரைமுடியும் திணித்த மெத்தை நாற்காலிகள் வந்தன. வெல்வெட் துணி, குஞ்சம், செதுக்கு வேலை எல்லாம் உண்டு. வசதி இல்லாதவர்களும் அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்றிரண்டு வாங்கி, விருந்தினர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஸ்வீடனில் 1930, 40களில் மக்கள் வாழும் வீடுகளை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள். குடும்பம் முழுவதும் சமையலறையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்துத் தூங்குகிறது. நல்ல அறை ஒன்று வருகிறவர்களுக்காகச் சும்மா கிடக்கிறது. நமக்கும் இது புதிதல்ல, இல்லையா?

அன்றைய ஸ்வீடனும் டென்மார்க்கும் நார்வேயும் இன்று நாம் நினைப்பதுபோல் செல்வம் கொழித்த நாடுகள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஸ்வீடனிலிருந்து மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்படிப்பட்ட ஊரில் 1899இல் ஒரு பெண்மணி 'எல்லோருக்கும் அழகு' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். பெயர் எல்லென் கேய். அழகான, பயனுள்ள பொருள்கள் பணக்காரர் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, உழைப்பவர் வீட்டிலும் அவை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சொல்லிக்கொள்ளச் சந்தோஷமாக இருக்கிறது: அவரும் ஒரு பள்ளி ஆசிரியை. ஸ்டாக்ஹோமில் தொழிலாளர்களுக்கான கல்விக்கூடத்திலும் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவர். அடுத்த ஆண்டே 'குழந்தையின் நூற்றாண்டு' என்ற புகழ்பெற்ற நூலையும் எழுதினார்.

ஆசை ஒன்று, அதைச் செய்து காட்டுவது வேறொன்று. டென்மார்க்கில் 1924இல் கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. அதை நடத்திய கோரே கிளிந்த் தம் மாணவர்களைப் படம் வரையச் சொல்வதற்கு முன் அளவெடுக்கச் சொன்னார். மனித உடம்பை அள, கை எட்டும் தூரத்தை அள, பெட்டியில் வைக்கப்போகும் பொருளை அள. அதன் பிறகு பென்சிலை எடு. நாற்காலியின் உயரம் உட்காருபவரின் பதவியைப் பொறுத்தது என்ற பழைய கணக்கு போய், அவருடைய முழங்காலைப் பொறுத்தது என்ற புதுக் கணக்கு வந்தது.

இங்கே ஒரு சின்ன அறிவியல் பாடம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் நம் எடை பெரும்பாலும் இடுப்பின் அடியெலும்பில் இறங்குகிறது. முதுகைப் பின்னால் சாய்த்தால் எடையில் ஒரு பங்கு முதுகுப் பலகைக்குப் போகும், இடுப்புக்கு ஓய்வு. ஆனால் முதுகு மட்டும் சாய்ந்து இருக்கை தட்டையாக இருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதனால் இருக்கையும் பின்பக்கம் சரிய வேண்டும். இன்னும் அதிகமாகச் சாய்த்தால் தலைக்குத் தாங்கல் வேண்டும், காலுக்கு முக்காலி வேண்டும். சாய்வு நாற்காலி செய்வது ஏன் கடினம் என்று இப்போது புரிகிறதா? ஒரு கோணத்தை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் சிலர் பங்களாக்களுக்காக அதைப் போடவில்லை, மருத்துவமனைகளுக்காகப் போட்டார்கள். என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான்.

பின்லாந்தில் பைமியோ என்ற ஊரில் காசநோய் மருத்துவமனை ஒன்றைக் கட்டிய அல்வார் ஆல்ட்டோ, அங்குள்ள நோயாளிகளுக்காக 1932 வாக்கில் ஒரு நாற்காலி செய்தார். பிளைவுட் பலகையைச் சுருள்போல் வளைத்த இருக்கை. நோயாளி உட்கார்ந்தால் மூச்சு எளிதாக வர வேண்டும் என்று முதுகின் சாய்வைக் கணக்கிட்டார். அந்தக் காலத்துப் புதுமையான எஃகுக் குழாய் தொட்டால் சில்லிடும் என்பதால் மரத்தையே தேர்ந்தெடுத்தார்.

ஸ்வீடனில் வார்னமோ என்ற சிற்றூரில் தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர் புரூனோ மாத்சன். 1931இல் உள்ளூர் மருத்துவமனைக்காக அவர் ஒரு நாற்காலி செய்தார். ஸ்பிரிங் இல்லை, குதிரைமுடி இல்லை. வளைந்த மரச்சட்டத்தில் குதிரைச் சேணத்துக்குப் பயன்படும் பட்டை நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி விட்டார். கைப்பிடியும் காலும் சேர்ந்து வெட்டுக்கிளியின் காலைப்போல் இருந்ததால் 'வெட்டுக்கிளி' என்றே பெயர் வந்தது. மருத்துவமனை ஊழியர்களுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மாத்சன் விடவில்லை. பனிக்குவியலில் போய் உட்கார்ந்து, அதில் பதிந்த தன் உடம்பின் அச்சைப் பார்த்துக் கோணத்தைப் படித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் அவர் பெயர் வெளிநாடுகளிலும் பரவியது. பரணில் கிடந்த நாற்காலிகளும் இறங்கி வந்தன.

அடுத்து உலகப் போர். 1940இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. 1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்களைக் கைது செய்ய நாஜிகள் கிளம்பியபோது, மக்கள் அவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் கடலைக் கடந்து ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். ஏழாயிரம் பேருக்கு மேல் தப்பினார்கள். அப்படித் துடுப்புப் படகில் தப்பியவர்களில் ஒருவர் ஆர்னே யாக்கொப்சன் என்ற கட்டடக் கலைஞர். இவர் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார்.

போர்க்காலத்திலேயே டென்மார்க்கின் கூட்டுறவுச் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. 1942இல் போர்கே மோகென்சன் என்ற இளைஞரை அழைத்து, சிறிய குடியிருப்புகளில் வாழும் சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் உறுதியான மரச்சாமான்களை வடிவமைக்கச் சொன்னது. கோரே கிளிந்திடம் படித்தவர் அவர். நம் ஊர் கூட்டுறவுப் பண்டகசாலையில் நல்ல நாற்காலியும் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்ததும் இன்னொரு பாதையும் திறந்தது. கோபன்ஹேகனில் 1927 முதல் ஆண்டுதோறும் தச்சுக் கலைஞர்களின் கண்காட்சி நடந்து வந்தது. 1949 கண்காட்சியில் ஃபின் யூல் என்பவர் அகன்ற தோல் மெத்தை நாற்காலி ஒன்றை வைத்தார். மரச்சட்டத்தில் ஒட்டாமல் இருக்கையும் முதுகும் மிதப்பதுபோல் தோன்றும். திறப்பு விழாவுக்கு வந்த அரசர் ஒன்பதாம் ஃபிரெடரிக் அதில் உட்கார்ந்துவிட்டார். 'அரசர் நாற்காலி' என்று பெயர் வைக்கலாமே என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, அது அதிகம் என்று சொல்லி 'தலைவன் நாற்காலி' என்று வைத்தார் யூல். எல்லோருக்குமான நாற்காலியைத் தேடிப் புறப்பட்ட நாட்டில், சுற்றிச் சுற்றி மறுபடியும் அரசரிடமே வந்து நின்றது போங்கள்!

1951இல் ஹான்ஸ் வெக்னர் செய்த நாற்காலியும் புகழ்பெற்றது. இவர் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன், தச்சராகத் தொழில் பழகியவர். நன்றாக மெத்தை வைத்த அந்த நாற்காலியின் கைகள் இரண்டும், பின்னாலிருந்து ஒரு கரடி கட்டிப்பிடிப்பதுபோல் முன்னால் நீண்டிருக்கும். ஒரு விமர்சகர் அதைச் சொல்லப்போய் 'கரடிக் குட்டி நாற்காலி' என்ற பெயரே நிலைத்தது. ஒரே நிலையில் அசையாமல் உட்கார வைப்பது நல்ல நாற்காலி ஆகாது. புரண்டு, திரும்பி, காலை மாற்றிப் போட்டு உட்கார இடம் தர வேண்டும் என்பது வெக்னரின் எண்ணம்.

இப்போது யாக்கொப்சன். கோபன்ஹேகன் நகரின் நடுவில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்துக்காக அவர் கட்டிய உயர்ந்த ஓட்டல் 1960இல் திறந்தது. கட்டடம் மட்டுமன்றி விளக்கு, கத்தி, முள்கரண்டி வரை எல்லாம் அவர் வடிவமைப்பு. அதன் முகப்புக் கூடத்துக்காக 1958இல் பிறந்தவைதான் 'முட்டை', 'அன்னம்' என்ற இரண்டு நாற்காலிகள். பயணிகள் வந்து போகும் இரைச்சலான கூடத்தில் முட்டை நாற்காலியின் உயர்ந்த பக்கங்கள் தலையைச் சுற்றி வளைந்து, உட்கார்ந்தவருக்கு ஒரு குட்டி அறையையே தருகின்றன. மரச்சட்டம் இல்லாமல் அப்படி வளைப்பது முன்பு முடியாத காரியம். கெட்டியான ஃபோமை அச்சில் வார்த்து ஓடு செய்யும் புது முறை அப்போதுதான் வந்திருந்தது. அந்த ஓட்டின் மேல் துணியையோ தோலையோ சுருக்கம் விழாமல் இழுத்துக் கையால் தைக்க வேண்டும். தட்டையான பலகைக்கு எந்தத் தையல்காரரும் உறை தைப்பார். முட்டைக்குத் தைத்துப் பாருங்கள்! விலை ஏன் என்று கேட்ட மாணவிக்குப் பதில் இதுதான். வடிவம் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், மெத்தை இன்றும் கைத்தொழில். அந்த ஓட்டலின் 606ஆம் எண் அறையை யாக்கொப்சன் அமைத்தபடியே இன்றும் வைத்திருக்கிறார்கள்.

எல்லென் கேய் விரும்பிய நாற்காலி கடைசியில் வந்ததா? ஓரளவு வந்தது. 1976இல் ஸ்வீடனின் ஐகியா நிறுவனத்துக்காக நொபோரு நகாமுரா என்ற ஜப்பானியர் ஒரு நாற்காலி வடிவமைத்தார். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி வளைத்த சட்டம். பின்கால் இல்லாததால் உட்கார்ந்தால் லேசாக ஆடும். மேலே ஒரு மெத்தை. இன்று 'பொயெங்' என்ற பெயரில் விற்கும் அது மூன்று கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. ஆல்ட்டோ நோயாளிகளுக்காகப் பிடித்த மரவளைவின் வாரிசு அது என்று பார்த்தாலே தெரியும். பிரித்துத் தட்டையான பெட்டியில் அடைத்து விற்பதால் விலை குறைவு. பூட்டும் வேலை வாங்குபவர் தலையில். மலிவாகக் கிடைப்பதால் மலிவாகத் தூக்கி எறியவும் படுகிறது என்பது அதன் மறுபக்கம்.

நமக்குப் பெருமையான ஒரு செய்தி. போருக்குப் பிந்தைய டேனிஷ் மரச்சாமான்கள் உலகப் புகழ் பெற்றது தேக்கு மரத்தால். தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து கப்பலில் போனது அது. டேனிஷ் மொழியிலும் அதன் பெயர் 'டீக்'தான். மலையாளக் கரையில் 'தேக்கு' என்ற சொல்லைக் கேட்ட போர்ச்சுகீசியர் அதை 'தேக்கா' ஆக்க, அது ஐரோப்பா முழுவதும் பரவியது. நம் சொல் அவர்கள் வரவேற்பறையில் எழுபது வருடமாக உட்கார்ந்திருக்கிறது!

இதையெல்லாம் படிக்கும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்த கித்தான் துணி போட்ட ஈசி சேர் நினைவுக்கு வந்தது. தாத்தா இருந்தவரை அது தாத்தாவுடையது, பிறகு அப்பாவுடையது. விடியற்காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்த அம்மா, ஒரு நாளும் அதில் சாய்ந்து நான் பார்த்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை. உட்காரு என்றும் சொன்னதில்லை.

ஆகவே, பிள்ளைகளே, நாற்காலி வாங்குங்கள். கடையில் போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பாதம் தரையில் படிகிறதா, இடுப்பு தாங்குகிறதா, புரண்டு உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் உயரத்துக்கு மட்டும் பார்க்காமல், வீட்டில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவரை அழைத்துப்போய் அவருடைய முழங்காலுக்கும் பாருங்கள். எல்லென் கேய் கேட்டது அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சுக்காரர்களும் எழுதலாம். சாய்ந்து உட்காருவதில் உங்களுக்கு அனுபவம் அதிகம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்