நெடியும் நரம்பும்: கிராட்ஷ்மர் முதல் யான்சோ வரை

மணமும் நெடியும் ஒன்றல்ல. நெடியின் உடல்விளைவுகளுக்கு முகர்வு நரம்பு காரணமன்று என்பதை 1870இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வியன்னாவில் எவால்ட் ஹெரிங்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய புளோரியன் கிராட்ஷ்மர், முயல்களின் மூக்கினுள் புகையிலைப் புகையையும் அம்மோனியா, குளோரோஃபார்ம் ஆவிகளையும் செலுத்தினார். வெளிமூச்சு நிலையிலேயே மூச்சு நின்றது, இதயத்துடிப்பு தளர்ந்தது, குருதியழுத்தம் உயர்ந்தது. முகர்வு நரம்பை வெட்டிய பின்னும் இவை நிகழ்ந்தன. முக்கிளை நரம்பை வெட்டிய பின் நிகழவில்லை.

குளோரோஃபார்ம் 1847 முதல் அறுவை மருத்துவத்தில் வழங்கியது. மயக்கமூட்டுகையில் இறப்புகளும் நேர்ந்தன. ஆவி மூக்கைத் தீண்டிய அளவிலேயே இதயம் பாதிக்கப்படலாம் என்ற முடிவு, ஆகவே, மருத்துவர்க்கும் இன்றியமையாததாயிற்று.

கிராட்ஷ்மர் கண்டது மூளை வழியாகச் சுற்றிவரும் அனிச்சைச் செயல். நெடி பட்ட இடத்திலேயே தோன்றும் வீக்கத்திற்கு விளக்கம் பின்னரே கிடைத்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினால் தூண்டப்பட்ட உணர்வு நரம்பு முனைகளே குருதிக்குழாய்களை விரித்து நீர் கசியச் செய்கின்றன என்பதை, ஹங்கேரியின் மிக்லோஷ் யான்சோ குழுவினர் எலிகளில் நிறுவினர் (1967). மூக்குச் சளிச்சவ்விலும் இவ்வமைப்பு பின்னர் உறுதிப்பட்டது. இவ்வாறு, செய்தியைச் சுமப்பதாக மட்டும் கருதப்பட்ட உணர்வு நரம்பு, திசுவில் நேரடியாக வினையாற்றுவதாகவும் அறியப்பட்டது.