காற்றைக் கேட்டு, கடலைக் கணக்கிட்டு

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கணவாய் வழியாக அது புகுந்து வரும்போது சைக்கிளில் தேனியிலிருந்து கம்பம் பக்கம் போனவர்களுக்கும், கம்பத்திலிருந்து தேனி பக்கம் வந்தவர்களுக்கும் அனுபவம் வேறு வேறு. ஒருவர் மூச்சு வாங்க மிதிப்பார்; இன்னொருவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்துவிடுவார். அந்தக் காலத்துச் சின்ன விமானங்களின் கதையும் இதுதான். ஒரே வித்தியாசம், சைக்கிள்காரர் களைத்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். விமானிக்கு, அதுவும் கீழே கடல் இருந்தால், அந்த வசதி கிடையாது.

1930களில் நம் தென்னாட்டுக்குக் கடிதம் கொண்டுவந்த அந்தச் சின்ன விமானங்களைப் பற்றியும், அவற்றில் நீண்ட தூரம் போகவும் கடலைத் தாண்டவும் எப்படித் திட்டமிட்டார்கள் என்பதைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏன் அந்தச் சேவை வந்தது என்று பார்ப்போம். 1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானத் தபாலைத் தொடங்கியது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த கடிதம் ஏறக்குறைய ஏழு நாளில் கராச்சிக்கு வந்தது. ஆனால் அந்தப் பாதை அங்கிருந்து டெல்லிப் பக்கம் நீண்டதே தவிர, தெற்கே திரும்பவில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் உரிய கடிதங்கள் கராச்சியில் இறங்கி, மறுபடி ரயிலேறி நாள்கணக்கில் வரவேண்டும். நம் பக்கத்தில் மதுரை–போடி ரயில் ஓடத் தொடங்கியதே 1928-ல்தான். ஏலக்காய்க்கும் தேயிலைக்கும் வெளிநாட்டு விலை தெரிய வேண்டிய வியாபாரிகளுக்கு, ஆகாயத்தில் மிச்சமான நாட்கள் எல்லாம் தண்டவாளத்தில் போய்விடும்.

இந்த இடைவெளியைக் கண்டுகொண்டவர் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி. அவர் ஜே.ஆர்.டி. டாடாவிடம் வந்து யோசனை சொன்னார். கராச்சியிலிருந்து அகமதாபாத், பம்பாய், பல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம். அரசாங்கத்திடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மானியம் இல்லாமலே நடத்துகிறோம், தபாலுக்கு உரிய கட்டணம் தந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டு 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள்.

ஜே.ஆர்.டி. அப்போது 28 வயது இளைஞர். 1929 பிப்ரவரியில் இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி உரிமம் அவருடையது. 1932 அக்டோபர் 15 அன்று காலை, கராச்சியின் டிரிக் ரோடு விமானத் திடலிலிருந்து அவர் தனியாகக் கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகலில் பம்பாய் ஜுஹு. அங்கிருந்து வின்சென்ட் தபாலை ஏற்றிக்கொண்டு பல்லாரி வந்து, இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். இரவில் பறப்பதற்கு விளக்கு வசதி கிடையாது என்பதால் பல்லாரியில் தங்குவதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

விமானத்தின் பெயர் புஸ் மாத். மாத் என்றால் அந்துப்பூச்சி. டி ஹாவிலண்ட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தன் சிறிய விமானங்களுக்கு வரிசையாக அந்துப்பூச்சிப் பெயர்களையே வைத்தது. ஒரே எஞ்சின், சுமார் 120 குதிரைத்திறன். விமானியோடு சேர்த்து மூன்று பேர் உட்காரலாம். காற்றில்லாத நாளில் மணிக்கு ஏறக்குறைய 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகம். இன்று நான்கு வழிச்சாலையில் போகும் கார்கள் சில அந்த வேகத்தை எட்டிப் பிடித்துவிடும். வானொலித் தொடர்பு இல்லை. வானிலை அறிவிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கையில் ஒரு வரைபடம், கண்முன் ஒரு திசைகாட்டி, மணிக்கட்டில் ஒரு கடிகாரம். ஜுஹு திடல் மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் பம்பாய்க்குப் பதில் பூனாவில் இறங்கினார்கள்.

இத்தனை குறைவான வசதியில் எப்படிப் பறந்தார்கள் என்றால், தரையில் இருக்கும்போதே பறந்து முடித்துவிடுவார்கள் என்றுதான் சொல்லவேண்டும். கணக்கு முழுக்கத் தரையில். ஆகாயத்தில் செய்வது சரிபார்ப்பு மட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். காற்றே இல்லையென்றால் 160 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். தரையைப் பொறுத்த வேகம் 110 ஆகிவிடும். பயணம் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். நாலு மணி நேரத்துக்குப் பெட்ரோல் போட்டவர் ஊர் தெரியும் தூரத்தில் எஞ்சின் நின்று இறங்க வேண்டியதுதான்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று கொடுத்துவிடும் என்று தோன்றும். கொடுக்காது. திரும்பும்போது வேகம் 210. இரண்டு மணி பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். ஆனால் போக, வர இரண்டையும் கூட்டினால் ஆறேகால் மணி நேரம். காற்றில்லாத நாளில் ஐந்து மணி நாற்பது நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரம் இருக்கிறோம். அதனால் நஷ்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிது. நம் ஊர் சைக்கிள்காரர்களுக்கு இது காலில் தெரிந்த கணக்கு.

அடுத்தது கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். நம் வயதுக்காரர்களுக்கு போட் மெயில் நினைவிருக்கும். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்வார்கள். 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடியும் போய், அந்த வழியும் போனது. அந்த 30 கிலோமீட்டரைக் கப்பல் சில மணி நேரத்தில் கடக்கும். புஸ் மாத்துக்குப் பதினொரு நிமிடம், பன்னிரண்டு நிமிடம். ஆனால் ஒற்றை எஞ்சின் விமானிக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் பயணத்தின் முழுப் பாரமும்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடாது. ஓர் அடி இறங்கும்போது பல அடி முன்னே சறுக்கிப் போகும். ஒன்றுக்கு ஒன்பது என்று வைத்துக்கொண்டால், 5,000 அடி உயரத்தில் நின்ற விமானம் சுமார் 14 கிலோமீட்டர் சறுக்கும். ஜலசந்தியின் நடுவில் இரண்டு கரையும் 15 கிலோமீட்டர் தூரம். ஒரு கிலோமீட்டர் போதவில்லை! 6,000 அடியில் போனால் 16 கிலோமீட்டருக்கு மேல் சறுக்கலாம். காற்று கெடுக்காவிட்டால் ஏதாவது ஒரு கரை கிடைக்கும். ஆக, எவ்வளவு உயரத்தில் கடப்பது என்பது அழகு பார்க்கும் விஷயமல்ல. கரையை விடுமுன்பே ஏறி முடித்திருக்க வேண்டும். மேகம் 3,000 அடியில் கூரை போட்டிருந்தால் அன்று கடக்கக் கூடாது; காத்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எஞ்சின் நிற்கவில்லை, சத்தம் மட்டும் மாறுகிறது. முன்னே போவதா, திரும்புவதா? பாதி தூரம் தாண்டிவிட்டோம், முன்னே போவோம் என்றுதான் மனம் சொல்லும். அதே 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், தனுஷ்கோடியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரை போன பிறகும் திரும்புவதே சீக்கிரம். ஏனென்றால் திரும்பினால் காற்று முதுகில். இந்த இடத்தைக் கிளம்புமுன்பே வரைபடத்தில் புள்ளி வைத்து, அதற்கான நிமிடத்தையும் எழுதிவைத்துவிடுவார்கள். கடல் மேல் பயத்தோடு யோசிக்கும் மூளையை நம்பக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

வழி தப்பாமல் இருக்கவும் ஒரு தந்திரம் உண்டு. பக்கக் காற்று மணிக்கு 20 மைல் என்றால், ஒரு மணி நேரத்தில் விமானத்தை 20 மைல் ஒதுக்கிவிடும். கரையை எட்டியதும் ஊர் இடப்பக்கமா, வலப்பக்கமா என்றே தெரியாது. அதனால் நேராக ஊரைக் குறிவைக்காமல், வேண்டுமென்றே ஒரு பக்கமாகக் குறிவைப்பார்கள். கரை வந்ததும் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது. இலங்கையின் மேற்குக் கரையைப் பிடித்துவிட்டால், கரையை இடக்கைப் பக்கம் வைத்துத் தெற்கே போகப்போகக் கொழும்பு வந்தே தீரும். நிலத்தின் மேல் என்றால் ரயில் தண்டவாளம், ஆறு, கோயில் கோபுரம் எல்லாம் துணை.

இந்தக் கடலைத் தாண்டி இலங்கையின் இரத்மலானைத் திடலில் முதன்முதலாக இறங்கியதும் ஒரு புஸ் மாத்துதான். சென்னை ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ, 1935 நவம்பர் 27 அன்று அதை ஓட்டிப்போனார். நவம்பர் நமக்கு வடகிழக்குப் பருவம். தெற்கே போகிறவருக்கு முதுகில் காற்று உதவும். ஆனால் அதுவே புயல் மாதமும்கூட. அதே 1935-ல் டாடா விமானங்கள் பம்பாயிலிருந்து மேற்குக் கரையோரமாகத் திருவனந்தபுரத்துக்கு வரத் தொடங்கின. 1938 பிப்ரவரி முதல் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரை தபால் போயிற்று. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த கடிதமும் அங்கே போன கடிதமும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

இவ்வளவு சின்ன விமானம் பெருங்கடலைத் தாண்டுமா என்று கேட்டால், தாண்டியிருக்கிறது. ஜே.ஆர்.டி. கராச்சியில் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1932 ஆகஸ்டில், ஜிம் மாலிசன் என்பவர் அயர்லாந்திலிருந்து கனடாவுக்கு அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தது புஸ் மாத்தில்தான். கூடுதல் பெட்ரோல் டேங்க் வைத்து, மற்ற எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு போனார். ஆனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தெற்கு அட்லாண்டிக்கைப் புஸ் மாத்திலேயே கடந்த பெர்ட் ஹிங்க்லர், 1933 ஜனவரியில் அதே விமானத்தில் இத்தாலிய மலையில் மோதி இறந்தார். அந்த வகை விமானங்களில் சில, பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்து, பிறகு இறக்கைத் தாங்குகம்பியைத் திருத்தினார்கள். கணக்கு சரியாக இருந்தாலும் யந்திரம் ஏமாற்றலாம். அதையும் தெரிந்துகொண்டேதான் தபால் பையை ஏற்றினார்கள்.

திட்டமிடுதல் என்றால் பெட்ரோலும் காற்றும் மட்டுமல்ல, உதிரிச் சாமானும்தான். 1929-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார், ஆஸ்பி என்ஜினியர் என்ற பதினேழு வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்தான். எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றான். போட்டியாளன்தானே என்று நினைக்காமல், ஜே.ஆர்.டி. தன்னிடமிருந்த உதிரி பிளக்குகளைக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போனது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனான்.

வின்சென்ட்டின் முடிவு வருத்தமானது. 1942-ல், போர் நடுவே, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் அவர் வந்த விமானம் கடலில் தொலைந்தது. தென்னாட்டுக்கு விமானத் தபால் வரக் காரணமானவரின் பெயர் இன்று நம்மில் பலருக்குத் தெரியாது.

ஜே.ஆர்.டி. மட்டும் அந்தப் பயணத்தை மறக்கவில்லை. 1982 அக்டோபர் 15, சேவை தொடங்கிய ஐம்பதாம் ஆண்டு அன்று, கராச்சியிலிருந்து பம்பாய்க்கு லெப்பர்ட் மாத் என்ற பழைய ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தானே தனியாக ஓட்டிவந்தார். அப்போது வயது 78. அவர் காலத்து விமானம் அதற்குள் பொருட்காட்சிச் சாமான் ஆகியிருந்தது. ஆனால் காற்று மாறவில்லை. பெட்ரோல் கணக்கும் மாறவில்லை. அந்த வயதில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது துணிச்சல் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காற்று சரியில்லையென்றால் இன்று வேண்டாம், நாளை பார்ப்போம் என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் அந்தத் தொழிலில் எழுபது தாண்டியிருக்கிறார்கள்.

இப்போது மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஜலசந்தி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இலங்கைக் கடிதமோ, மலேயாக் கடிதமோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். விமானத் தபாலின் நீலச் சீட்டு ஒட்டியிருந்தால், புறப்பட்ட தபால் முத்திரையையும், பின்பக்கம் வந்து சேர்ந்த முத்திரையையும் ஒப்பிடுங்கள். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில், யாரோ ஒருவர் காற்றைப் பார்த்துக்கொண்டு, வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறார்.